பயந்தார், ஆனாலும் சொன்னார்!
சார்லஸ் டார்வினின் வாழ்க்கை வரலாறு

ஊரார் எல்லோரும் ஒன்றைச் சரி என்கிறார்கள். நம் மனதுக்கு மட்டும் அது தவறு என்று படுகிறது. எழுந்து சொல்லலாமா? சொன்னால் சிரிப்பார்களோ? திட்டுவார்களோ? வீட்டில் உள்ளவர்கள் வருத்தப்படுவார்களோ? இப்படி எண்ணி வாயை மூடிக்கொள்வது உலக வழக்கம்.

உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானியும் இப்படித்தான் பயந்தார். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. ஏறக்குறைய இருபது ஆண்டுகள்! பிறகு சொன்னார். அவர் சொன்னது உலகத்தின் எண்ணத்தையே மாற்றியது.

அவர்தான் சார்லஸ் டார்வின்.

டாக்டர் மகன்

டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி இங்கிலாந்தில் உள்ள ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற டாக்டர். தாயார் சூசன்னா. டார்வினுக்கு 8 வயதாக இருக்கும்போதே தாயார் இறந்துவிட்டார். அக்காமார்கள் வளர்த்தார்கள்.

பள்ளிக்கூடப் படிப்பில் சிறுவன் கெட்டிக்காரன் அல்ல. வண்டு பிடிப்பான். கல் பொறுக்குவான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பறவை சுடப் போவான். இந்தப் பையன் குடும்பத்துக்கே அவமானம் தேடித் தருவான் என்று தகப்பனார் ஒரு சமயம் கோபித்துக்கொண்டார்.

அந்த வார்த்தை டார்வின் மனதில் முள்ளாகத் தைத்தது. முதுமையிலும் அதை அவர் மறக்கவில்லை. தகப்பனார் மீது அவருக்கு மிகுந்த அன்பு. அவர் மனம் கோணக்கூடாது என்ற எண்ணம் டார்வினுக்கு எப்போதும் உண்டு.

அடித்து அழித்தார்கள்

1825-ம் ஆண்டு டார்வினை எடின்பரோ நகருக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. நோயாளி அலற அலற அறுவை செய்வார்கள். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையை டார்வின் பார்த்தார். பாதியிலேயே ஓடி வந்துவிட்டார். டாக்டர் படிப்பும் பாதியிலேயே நின்றது.

அந்த ஊரில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. 1827-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு கூட்டம். கடல் பிராணிகளைப் பற்றித் தான் கண்டுபிடித்ததை டார்வின் அங்கே சொன்னார். அப்போது அவருக்கு வயது 18. அதே கூட்டத்தில் பிரவுன் என்ற மாணவரும் பேசினார். மனம் என்பது உடலுக்கு வேறான ஒன்று அல்ல என்ற கருத்தை அவர் சொன்னார். அது மதத்துக்கு விரோதமான பேச்சு என்று கருதப்பட்டது. சூடான வாதம் நடந்தது. முடிவில், பிரவுன் பேசிய பேச்சையே சங்கத்தின் குறிப்புப் புத்தகத்தில் அடித்து அழித்துவிட்டார்கள்!

ஊருக்குப் பிடிக்காததைச் சொன்னால் என்ன நடக்கும்? இளம் வயதிலேயே டார்வின் இதை நேரில் பார்த்துவிட்டார்.

பாதிரியார் ஆகட்டும்!

டாக்டர் ஆகாத மகன் பாதிரியாராவது ஆகட்டும் என்று தகப்பனார் முடிவு செய்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார்.

அங்கே ஹென்ஸ்லோ என்ற பேராசிரியர் டார்வினுக்கு நண்பரானார். அவர் செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். செட்ஜ்விக் என்ற பேராசிரியர் பாறைகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். இருவரும் பாதிரியார்கள், நல்லவர்கள். டார்வினைப் பிள்ளை போல நடத்தினார்கள். இவர்கள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவர்களை நினைத்துத்தான் டார்வின் தயங்கப்போகிறார்.

ஐந்து ஆண்டுக் கப்பல் பயணம்

1831-ம் ஆண்டு டார்வினுக்கு ஓர் அதிர்ஷ்டம் வந்தது. பீகிள் என்ற கப்பல் உலகைச் சுற்றப் புறப்பட்டது. கூட வருவதற்கு இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ள ஒருவர் தேவை. ஹென்ஸ்லோ டார்வினைச் சிபாரிசு செய்தார்.

தகப்பனார் முதலில் கூடாது என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வந்து எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார்.

டிசம்பர் 27-ந் தேதி கப்பல் கிளம்பியது. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய். நல்லவர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தென் அமெரிக்காவில் உள்ள பிரேசில் நாட்டில் அப்போது அடிமை வியாபாரம் நடந்தது. அடிமை முறையை பிட்ஸ்ராய் ஆதரித்துப் பேசினார். ஓர் எஜமானர் தன் அடிமைகளைக் கூப்பிட்டு, விடுதலை வேண்டுமா என்று கேட்டாராம். அவர்கள் வேண்டாம் என்றார்களாம். இதைக் கேட்ட டார்வினால் சும்மா இருக்க முடியவில்லை. எஜமானர் எதிரே நிற்கும்போது அடிமை வேறு என்ன பதில் சொல்வான் என்று கேட்டுவிட்டார்.

பிட்ஸ்ராய்க்கு ஆத்திரம் வந்தது. இனி என்னோடு சேர்ந்து சாப்பிட வராதே என்று சொல்லிவிட்டார். கப்பலை விட்டே போக வேண்டியிருக்குமோ என்று டார்வின் நினைத்தார். ஆனால் சில மணி நேரத்தில் பிட்ஸ்ராயே மன்னிப்புக் கேட்டு அழைத்துக்கொண்டார்.

ஆகவே டார்வின் கோழை அல்ல. கண் எதிரே அநியாயம் நடந்தால் பேசக்கூடியவர்தான். பிறகு ஏன் இருபது ஆண்டுகள் பேசாமல் இருந்தார்?

மனதில் பிறந்த எண்ணம்

1835-ம் ஆண்டு கப்பல் காலபகோஸ் தீவுகளுக்குப் போனது. அங்கே ராட்சத ஆமைகள் உண்டு. ஓட்டைப் பார்த்தே ஆமை எந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் என்று அங்கே இருந்த அதிகாரி சொன்னார். குருவிகளும் பல விதம். ஒன்றின் அலகு தடிப்பு. இன்னொன்றின் அலகு மெல்லியது.

1836-ம் ஆண்டு அக்டோபரில் டார்வின் ஊர் திரும்பினார். கொண்டு வந்த பறவைகளை லண்டனில் ஒரு நிபுணர் ஆராய்ந்தார். அந்தக் குருவிகள் தனித்தனி இனங்கள். ஆனால் நெருங்கிய உறவு உள்ளவை என்றார். டார்வின் யோசிக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மக்கள் என்ன நம்பினார்கள்? ஒவ்வொரு பிராணியையும் கடவுள் தனித்தனியே படைத்தார். படைத்தபடியே அவை மாறாமல் இருக்கின்றன என்று நம்பினார்கள். படித்த பேராசிரியர்களிலும் பெரும்பாலோர் அப்படியே நம்பினார்கள்.

டார்வினுக்கு வேறு விதமாகப் பட்டது. உயிர்கள் மாறுகின்றன. பழைய இனங்களிலிருந்தே புதிய இனங்கள் தோன்றுகின்றன.

எப்படி? நம் ஊர் விவசாயி நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைக்கிறார். புறா வளர்ப்பவர் அழகான புறாவாகப் பார்த்து ஜோடி சேர்க்கிறார். சில தலைமுறையில் வித்தியாசம் தெரிகிறது அல்லவா? இயற்கையிலும் இது நடக்கிறது. பிறக்கும் உயிர்கள் ஏராளம். உணவும் இடமும் குறைவு. சூழ்நிலைக்குப் பொருத்தமானவை பிழைத்துக் குட்டி போடுகின்றன. மற்றவை குறைந்து போகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளில், லட்சக்கணக்கான ஆண்டுகளில், புதிய இனமே உண்டாகிறது. இதற்கு இயற்கைத் தேர்வு என்று பெயர் வைத்தார்.

1838-ம் ஆண்டிலேயே இந்த எண்ணம் அவருக்குத் தோன்றிவிட்டது. அப்போது வயது 29. ஆனால் வெளியே மூச்சு விடவில்லை.

மாமன் மகள்

மறு ஆண்டு ஜனவரியில் கலியாணம். மணமகள் வேறு யாரும் அல்ல. தாய்மாமன் ஜோசையாவின் மகள் எம்மா!

எம்மா பக்தி உள்ள பெண். கலியாணத்துக்கு முன்பு தகப்பனார் டார்வினுக்கு ஒரு யோசனை சொன்னார். மதத்தைப் பற்றி உனக்கு இருக்கும் சந்தேகங்களை மனைவியிடம் சொல்லாதே என்றார். டார்வினால் அப்படி மறைக்க முடியவில்லை. எம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

எம்மா சண்டை போடவில்லை. ஒரு கடிதம் எழுதினார். இறந்த பிறகு நாம் இருவரும் பிரிந்துவிடுவோமோ என்ற ஏக்கம் அந்தக் கடிதத்தில் இருந்தது. டார்வின் அதை உயிர் உள்ளவரை பத்திரமாக வைத்திருந்தார். பல முறை எடுத்துப் படித்து அழுதார்.

வாசகர்களே! டார்வின் பயந்தது எதிரிகளுக்கு அல்ல. தன்மீது அன்பு வைத்தவர்களுக்கே பயந்தார். மனைவி வருந்துவாள். ஹென்ஸ்லோ வருந்துவார். செட்ஜ்விக் கோபிப்பார். பகைவன் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். வேண்டியவர்கள் முகம் வாடுவதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

பெட்டிக்குள் போன கட்டுரை

1842-ம் ஆண்டு டார்வின் குடும்பம் டவுன் என்ற கிராமத்தில் குடியேறியது. அதே ஆண்டு பென்சிலால் 35 பக்கம் எழுதினார். 1844-ம் ஆண்டு அதையே சுமார் 230 பக்கங்களாக விரித்து எழுதினார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். நான் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுன் செலவு செய்து இதை வெளியிடு என்று அதில் கேட்டுக்கொண்டார்.

அதாவது, உயிரோடு இருக்கும்போது சொல்லப் பயம். சொல்லாமல் சாகவும் மனமில்லை!

அந்த ஆண்டு ஜனவரியில் ஒரே ஒரு நண்பரிடம் தன் எண்ணத்தைத் தயங்கித் தயங்கித் தெரிவித்தார். அவர் ஹூக்கர் என்ற தாவர ஆராய்ச்சியாளர். கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்றே அவருக்கு எழுதினார். ஹூக்கர் கோபிக்கவில்லை. கேலியும் செய்யவில்லை. உங்கள் கருத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன் என்று பதில் எழுதினார். டார்வின் மனதில் இருந்த பாரம் சற்றுக் குறைந்தது.

எம்மாவும் கட்டுரையைப் படித்தார். தனக்கு ஒப்பாத இடத்தில் ஓரத்தில் குறிப்பு எழுதினார். கிழித்துப் போடவில்லை!

ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் டார்வினை நடுங்க வைத்த சம்பவம் நடந்தது. உயிர்கள் மாறுகின்றன என்று சொல்லும் ஒரு புத்தகம் லண்டனில் வெளியாயிற்று. அதை எழுதியவர் தன் பெயரையே போடவில்லை. அந்தப் புத்தகத்தைப் பலரும் கண்டித்தார்கள். எல்லோரையும் விடக் கடுமையாகத் தாக்கியவர் யார்? டார்வினின் ஆசிரியர் செட்ஜ்விக்!

தாக்கியவர்கள் காட்டிய குறை ஒன்று: அந்தப் புத்தகத்தில் சான்றுகள் போதாது, தவறுகள் மலிந்திருந்தன. டார்வின் இதைக் கவனித்தார்.

எட்டு ஆண்டு உழைப்பு

பாறையிலும் கப்பல் அடியிலும் ஒட்டிக்கொண்டு வளரும் கொட்டலசு என்ற கடல் பிராணியை எடுத்துக்கொண்டார். 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் அதையே ஆராய்ந்தார். புறா வளர்த்தார். விதைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, கடல் கடந்து போனாலும் முளைக்குமா என்று பார்த்தார்.

பயம் ஒன்றுதான் தாமதத்துக்குக் காரணம் என்று சொல்ல முடியாது. வேறு புத்தகங்களும் எழுதினார். உடம்பும் படுத்தியது. அடிக்கடி வாந்தி, வயிற்று வலி. 1851-ம் ஆண்டு செல்ல மகள் ஆனி 10 வயதில் இறந்தாள். அந்தத் துக்கம் வேறு.

ஆனால் இந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. ஒரு நல்ல பழக்கம் அவரிடம் இருந்தது. தன் கருத்துக்கு விரோதமான செய்தி எது கிடைத்தாலும் உடனே குறித்து வைத்துக்கொள்வார். சாதகமான செய்தி தானாக நினைவில் நிற்கும்; பாதகமானது மறந்து போகும் என்பது அவர் அனுபவம். எதிரி என்ன கேட்பான் என்று எண்ணிப் பார்த்து, அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டார். பயமே அவருக்கு வாத்தியார் ஆயிற்று!

தபாலில் வந்த அதிர்ச்சி

1858-ம் ஆண்டு ஜூன் 18-ந் தேதி தபாலில் ஒரு கட்டு வந்தது. மலாய்த் தீவுகளிலிருந்து வாலஸ் என்பவர் அனுப்பியிருந்தார். வயது 35. பணக்காரர் அல்ல, பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். கட்டுக்குள் ஒரு கட்டுரை இருந்தது.

டார்வின் படித்தார். திகைத்துப் போனார். இருபது ஆண்டுகளாக அவர் மனதில் பூட்டி வைத்திருந்த அதே கருத்து!

என்ன செய்வது? வாலஸ் கட்டுரையை மறைத்துவிடலாமா? அது துரோகம். தன் கட்டுரையை அவசரமாக வெளியிடலாமா? அதுவும் முறையல்ல என்று தவித்தார். அதே சமயம் வீட்டில் குழந்தைகளுக்கு நோய். ஒன்றரை வயதுக் கைக்குழந்தை ஜூன் 28-ந் தேதி ஜுரத்தில் இறந்தது.

நண்பர்கள் ஹூக்கரும் லயலும் ஒரு வழி செய்தார்கள். ஜூலை 1-ந் தேதி லண்டனில் லின்னேயன் சங்கக் கூட்டத்தில் இருவருடைய கருத்தையும் சேர்த்தே படித்தார்கள். டார்வின் அங்கே இல்லை. குழந்தையை அடக்கம் செய்த துக்கத்தில் இருந்தார். வாலஸ் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். அவரிடம் அனுமதி கேட்க நேரமில்லை. ஆனால் செய்தி அறிந்ததும் அவர் மகிழ்ச்சியே அடைந்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? கூட்டத்தில் எந்தக் கூச்சலும் இல்லை. இருபது ஆண்டுகளாகப் பயந்த இடி, விழவே இல்லை! அந்த ஆண்டு பெரிய கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை என்றே சங்கத்தின் தலைவர் பின்னர் சொன்னார்.

இடி இடித்தது

இனி ஒளிந்திருக்க முடியாது. டார்வின் உட்கார்ந்து எழுதினார். 1859-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் புத்தகம் வெளிவந்தது. முதலில் அச்சிட்டது 1,250 பிரதிகள். கடைக்காரர்கள் அதற்கு மேல் கேட்டார்கள். ஜனவரியில் மேலும் 3,000 பிரதிகள் அச்சிட்டார்கள்.

புத்தகம் வெளிவந்தபோது டார்வின் உடம்பு சரியில்லாமல் இல்க்லி என்ற ஊரில் நீர் வைத்தியம் செய்துகொண்டிருந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு புதுமை. தன் கருத்தில் உள்ள சிக்கல்களுக்கென்றே அவர் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். எதிரி கேட்கக்கூடியதைத் தானே எடுத்துச் சொல்லி, தெரிந்த வரை பதில் தந்தார். யாரையும் ஏசவில்லை.

இடி விழுந்தது. செட்ஜ்விக் மனம் நொந்து கடிதம் எழுதினார். பத்திரிகைகள் கேலி செய்தன. 1860-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் பெரிய கூட்டம். வில்பர்போர்ஸ் என்ற பிஷப் டார்வின் கருத்தைத் தாக்கினார். குரங்கை வைத்துக் கேலியும் பேசினார் என்பார்கள். ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானி பதில் கொடுத்தார். ஹூக்கரும் பேசினார். பழைய கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் எழுந்து, பைபிளை உயர்த்திப் பிடித்து, டார்வினைக் கண்டித்தார்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் யார்? ஹென்ஸ்லோ! டார்வினின் கருத்தை அவர் முழுவதும் ஏற்கவில்லை. ஆனாலும் இரு பக்கமும் பேச இடம் கொடுத்தார். நட்பையும் விடவில்லை.

1871-ம் ஆண்டு மனிதனின் தோற்றத்தைப் பற்றியும் டார்வின் எழுதினார். குரங்கு உடம்பில் டார்வின் தலையை ஒட்டிப் படம் போட்டார்கள். இன்றும் பலர் தவறாக நினைக்கும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இன்று இருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று அவர் சொல்லவில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் வெகு காலத்துக்கு முன் ஒரே மூதாதை என்பதே அவர் சொன்னது.

யார் போனார்கள்? யார் இருந்தார்கள்?

டார்வின் பயந்தபடி எல்லோரும் விலகிவிட்டார்களா?

சிலர் விலகினார்கள். ஆனால் எம்மா விலகவில்லை. கருத்து வேற்றுமையோடே 43 ஆண்டுகள் அன்பாக வாழ்ந்தார்கள். கணவருக்குப் புத்தகங்கள் படித்துக் காட்டினார். நோயில் கண்போல் காத்தார். டவுன் கிராமத்துப் பாதிரியார் இன்னஸ், டார்வின் கருத்தை ஏற்காதவர். அவரும் கடைசி வரை நண்பர். வாலஸ் வறுமையில் வாடியபோது, அவருக்கு அரசாங்கத்தின் உதவித் தொகை கிடைக்க டார்வின் முயற்சி செய்தார். 1881-ம் ஆண்டு அது கிடைத்தது.

1882-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி டார்வின் தன் 73-வது வயதில் காலமானார். எந்த மதத்தாருக்குப் பிடிக்காததைச் சொன்னாரோ, அவர்களுடைய பெரிய கோயிலான வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள். விஞ்ஞானி நியூட்டனின் சமாதிக்கு அருகில் இடம். பெட்டியைச் சுமந்து சென்ற பெரியவர்களில் ஹூக்கர் இருந்தார், ஹக்ஸ்லி இருந்தார், வாலஸும் இருந்தார்.

பயம் போன பிறகு பேசலாம் என்று டார்வின் காத்திருந்தால், அந்த நாள் வந்திருக்காது. பயம் அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் செய்தது இதுதான்: சொல்லப்போவது உண்மைதானா என்று பல முறை சோதித்தார். நம்பகமான ஒருவரிடம் முதலில் சொன்னார். எதிர்க்கிறவர் கேள்வியை மதித்தார். பிறகு, கை நடுங்கினாலும், பெயர் போட்டு எழுதினார்.